தாழ்த்திய ஜென்

பழைய மாருதி ஜென் ஒன்றை ஒரே மதியத்தில் தாழ்த்திவிடலாம். முன் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை இறக்கி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கிரைண்டரால் அறுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. செலவு என்று பார்த்தால் பட்டறைக் கூலியும் ஒரு கட்டிங் வீலும்தான். வண்டி ரோட்டோடு ஒட்டி நிற்கும், பார்க்க அம்சமாக இருக்கும். அப்படியே பானெட்டைத் திறந்து, கம்பெனி வைத்த கறுப்பு ஃபில்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டர் ஒன்றைச் செருகினால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் உறுமல் கேட்கும். கண்ணுக்கும் காதுக்கும் இது வேறு வண்டி. வளைவிலும் வெயிலிலும் அதைக் கம்பெனி ஜென்னோடு ஓட்டிப் பார்த்தால் கம்பெனி ஜென்தான் ஜெயிக்கும். ஏன் என்று புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

ஜென்னை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1993-இல் வந்த இந்தச் சிறு கார் 2006 வரை பெரும்பாலும் அதே உடலமைப்போடு ஓடியது. கைக்காசைப் போட்டு வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றும் ஆசை இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு இதில்தான் தொற்றியது. முதலில் வந்த கார்புரேட்டர் ஜென்னில் 993 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் அலுமினிய எஞ்சின். 6,500 சுற்றில் 50 பி.எச்.பி. சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 61 மி.மீ. மட்டும். அந்தக் குட்டைப் பயணத்தால் 6,500 சுற்றில்கூட பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 13 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். உயரச் சுற்றுகளில் அந்த எஞ்சின் சிரமமில்லாமல் பாடுவதன் ரகசியம் அதுதான். ஏறக்குறைய 750 கிலோ எடையுள்ள காருக்கு இது போதுமான பலம். ஆனாலும் ஜென் வைத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

முதலில் ஸ்பிரிங்கைப் பார்ப்போம். அதிகம் பேர் கை வைக்கும் இடமும் அதிகம் பேர் கெடுக்கும் இடமும் அதுவே.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் மிச்சமுள்ள ஐந்தும் முன்னைவிட 20 சதவீதம் விறைப்பாகும். எனவே அறுத்த ஸ்பிரிங் தாழ்வதோடு விறைக்கவும் செய்கிறது. விறைப்பு கூடினால் நல்லதுதானே என்று பட்டறையில் சொல்வார்கள். எவ்வளவு கூட வேண்டும் என்ற கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை.

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங்கில் தேங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே போக 8 சென்டிமீட்டர் இடம் இருந்தது என்று வையுங்கள். காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மிச்சம் 4. பாதித் தூரத்துக்குள் அதே ஆற்றலை வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அறுத்ததால் கிடைத்ததோ வெறும் 20 சதவீதம். பற்றாக்குறையை யார் ஈடுகட்டுவது? ஷாக் அப்சார்பரின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்ட்ரட் போய் அதில் இடிக்கும். இடித்த நொடியில் சஸ்பென்ஷனின் விறைப்பு பல மடங்கு எகிறும். வளைவின் நடுவில் இது நடந்தால் அந்த டயர் துள்ளிப் பிடிப்பை இழக்கும். ‘வண்டி ரோட்டைக் கவ்வுது’ என்று முன் இருக்கையில் உணர்கிறோமே, அதில் பெரும்பகுதி ரப்பர் கட்டையில் மோதும் அதிர்ச்சிதான்.

சரி, நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங்கையே போட்டுவிட்டால்? ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் உடல் ஆடும் வேகம், விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். சாதாரணக் கார் நொடிக்கு ஒன்றேகால் தடவைக்கு அருகில் ஆடும். நான்கு மடங்கு விறைத்தால் அது இரண்டரைத் தடவையாகும். நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான மேல்கீழ் அதிர்வைத்தான் உட்கார்ந்திருக்கும் மனித உடல் மிகக் குறைவாகத் தாங்கும். குடலும் முதுகெலும்பும் அந்தத் தாளத்துக்குச் சேர்ந்து ஆடத் தொடங்கும். விறைப்பை ஏற்ற ஏற்ற அந்தப் பகுதியை நோக்கித்தான் காரைத் தள்ளுகிறோம். பந்தயக் காரில் இதைச் சகித்துக்கொள்ளலாம், பத்துப் பதினைந்து சுற்றோடு இறங்கிவிடுவார்கள். பொள்ளாச்சி போய்வர ஒரு வண்டியை அப்படி வைத்திருப்பது உடம்புக்குச் செய்யும் துரோகம்.

ஷாக் அப்சார்பரின் கணக்கு தனி. ஸ்பிரிங்கின் வேலை காரைத் தாங்குவது, ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது. விறைப்பான ஸ்பிரிங்கை அடக்க வலுவான ஷாக் வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் 20 சதவீதம் விறைக்கச் செய்தால் அடக்கும் திறன் ஏறக்குறைய 9 சதவீதம் பற்றாமல் போகும். புது ஷாக்கில் இது தெரியாது. இருபது வருடம் ஓடி எண்ணெய் கசிந்த ஷாக்கில் நன்றாகவே தெரியும். பானெட்டின் ஒரு முனையை முழு எடை போட்டு அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் முதல் செலவு எங்கே என்று தெரிந்துவிட்டது.

குட்டிக் காருக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜென்னின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,335 மி.மீ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் ஏறிய மேட்டில் பின் சக்கரம் ஏற நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரமே ஆகும். முன்பக்கம் முதலில் ஆடத் தொடங்கும், பின்பக்கம் தாமதமாகச் சேரும். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும், கார் தொட்டில்போல் முன்னும் பின்னும் சாயும். மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் இதை ஆராய்ந்து எளிய மருந்தைச் சொன்னார்: பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக ஆடும்படி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் ஒன்றரை ஆட்டத்துக்குள் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், பிறகு கார் முழுதும் சமதளமாக ஏறி இறங்கும். கார் தொழிற்சாலைகள் இன்றுவரை பெரும்பாலும் இந்த விதியை வைத்துத்தான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கின்றன. முன் ஸ்பிரிங்கை மட்டும் அறுப்பவர் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி விடுகிறார். பின் இருக்கையில் உட்கார்ந்த பாட்டி குமட்டுகிறது என்று சொன்னால் காரணம் பூரி மசாலாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி சொல்லப்போவதை என் அனுபவத்தில் யாரும் முதல் தடவை கேட்டு நம்புவதில்லை. தாழ்த்திய கார் வளைவில் கூடுதலாகச் சாயலாம்.

வளைவில் காரை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் ஈர்ப்பு மையத்தில் செயல்படுகிறது. உடலோ ‘ரோல் சென்டர்’ என்ற ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே எவ்வளவு உயரம் இருக்கிறதோ, அதுதான் சாய்க்கும் நெம்புகோலின் நீளம். ஜென்னின் முன்பக்கம் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். இந்த அமைப்பில் ரோல் சென்டரின் இடத்தை சக்கரத்தின் அடிப்பகுதியை உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சரிவுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கம்பெனி உயரத்தில் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்திருக்கும். காரை 40 மி.மீ. தாழ்த்தினால் உடல் பக்கம் இறங்கி, சக்கரத்தின் பக்கம் அதே இடத்தில் நிற்கும். ஆர்ம் படுத்துவிடும், அல்லது மேல்நோக்கித் திரும்பும். அப்போது ஈர்ப்பு மையம் 40 மி.மீ. இறங்க, ரோல் சென்டர் அதைப்போல் இரு மடங்குகூட இறங்கலாம், சில கார்களில் தரைக்கு அடியிலேயே போய்விடும். நெம்புகோல் நீண்டுவிட்டது. ஸ்பிரிங்கின் விறைப்பு சிறிதே கூடியிருந்தால் சாய்வு முன்னைவிட அதிகம். அதோடு, ஆர்ம் படுத்த நிலையைத் தாண்டியபின் உடல் சாயும்போது வெளிச் சக்கரமும் சேர்ந்து வெளியே சாயும், டயர் தன் ஓரத்தில் நின்று திரும்பும்.

நியாயமாகச் சொல்வதென்றால் தாழ்த்துவதில் ஒரு லாபமும் உண்டு. வளைவில் உள் டயரிலிருந்து வெளி டயருக்கு மாறும் மொத்தப் பாரம், ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் குறைந்தால் நான்கு டயர்களும் வேலையை இன்னும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பந்தயக்காரர்கள் தாழ்த்துவது அதற்காகத்தான். ஆனால் அவர்கள் தாழ்த்துவதோடு நிறுத்துவதில்லை. அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டை ஷாக், ஆர்மின் சரிவை மீட்டுத்தர நீளமான பால் ஜாயின்ட், கடைசியில் அலைன்மென்ட் என்று வரிசையாகச் செய்வார்கள். பின்பக்கமும் கவனம் வேண்டும். ஜென்னில் பின் அச்சை இடவலமாக நகரவிடாமல் பிடித்திருப்பது ஒரு குறுக்குக் கம்பி. உயரம் மாறினால் அந்தக் கம்பியின் கோணம் மாறி, அச்சே சில மி.மீ. ஒரு பக்கம் தள்ளி உட்காரும். ஒரு பக்கம் டயர் மட்கார்டை உரசுகிறது, மறுபக்கம் இடைவெளி கூடுதல் என்று புகார் வந்தால் பெயின்ட் கடைக்குப் போக வேண்டாம், இந்தக் கம்பியைப் பாருங்கள்.

இனி பானெட்டுக்குக் கீழே.

எஞ்சின் என்பது காற்றை இழுத்துத் தள்ளும் பம்புதான். 993 சி.சி. எஞ்சின் 6,500 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்கும் காற்றை இழுப்பதால், நிமிடத்துக்குக் கணக்குப்படி 3,200 லிட்டருக்கு மேல் வேண்டும். இதில் அளவைவிட எடையே முக்கியம், ஏனென்றால் எரிவது ஆக்சிஜன். வெளியே வெயில் 35 டிகிரி, அடைத்த பானெட்டுக்குள் 65 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 9 சதவீதம் மெலிந்திருக்கும். கம்பெனி டப்பாவுக்கு மூக்குபோல் ஒரு குழாய் இருப்பது முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கத்தான். அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பை வைப்பவர், ரேடியேட்டரையும் சைலன்சர் மேனிஃபோல்டையும் தடவி வந்த சூடான காற்றை எஞ்சினுக்கு ஊட்டுகிறார். சுத்தமான பேப்பர் ஃபில்டர் ஒரு லிட்டர் எஞ்சினின் காற்றைத் தடுப்பது மிகச் சொற்பம், அதில் மீட்கப் பெரிதாக எதுவும் இல்லை. அந்த உறுமலுக்கும் காரணம் சாதாரணமானது: டப்பா காற்றைச் சேர்த்துக்கொடுப்பதோடு, இழுப்புச் சத்தத்தை அடக்கும் சைலன்சராகவும் இருந்தது. அதை எடுத்துவிட்டோம், சத்தம் வெளியே வந்துவிட்டது.

கார்புரேட்டர் வண்டியில் ஆபத்து இன்னொன்று. ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிக் காற்றோட்டத்தைக் கூட்டினால் அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் மாற்ற வேண்டும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது முழுதாக எரியும் விகிதம். முழு மிதிப்பில் எஞ்சின் இதைவிடப் பெட்ரோல் கூடிய கலவையையே விரும்பும், அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கும். கலவை மெலிந்தால் சூடு ஏறும், கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் வரும், பிஸ்டன் தலையில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும்: பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நலம், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் ஜெட்டை உடனே கவனிக்க வேண்டும்.

பெரிய எஞ்சினையே வைத்துவிடுவது இன்னொரு வழி. ஜென்னின் எஞ்சினும் மாருதி எஸ்டீமின் 1,298 சி.சி. எஞ்சினும் சுசூகியின் ஒரே ‘ஜி’ குடும்பத்துப் பிள்ளைகள். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் அதே 1.3 தான். ஆகவே மற்ற எஞ்சின்களைவிட இது ஜென்னுக்குள் எளிதில் அமரும். 16 வால்வு எஸ்டீம் எஞ்சின் 85 பி.எச்.பி. தரும். இந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபில்டர், ஹெடர்ஸ், ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்து தராத பலத்தை இது ஒன்றே தருகிறது. ஆனால் வேகத்தை நிறுத்துவது யார்? 100-இல் போகும் காரைவிட 120-இல் போகும் காரை நிறுத்த பிரேக் 44 சதவீதம் கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டும். 50 பி.எச்.பி.க்கென்று கொடுத்த டிஸ்க்கோடு 85 பி.எச்.பி.யை ஓட்டுவது ஊட்டி மலையிறக்கத்தில் புரியும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும்.

எஞ்சின் அறையை அழகுபடுத்துபவர்கள் ஒயர்களையெல்லாம் மடித்து ஒளித்துவைப்பதையும் சொல்ல வேண்டும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் டேப் சுற்றி ஒளித்த ஒயரின் உறை உருகினால் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஹெட்லைட்டின் பழைய ஒயரிலேயே 60 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் பல்பை மாட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். சாலையில் அது சட்டப்படி கூடாது என்பது ஒருபுறம். இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 10 ஆம்பியருக்குப் போட்ட பழைய ஒயரும் சுவிட்சும் சூடேறும், பல்புக்குப் போய்ச்சேரும் மின்னழுத்தம் குறையும். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். கம்பெனி பல்பையே வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, நடுவே ஃபியூசும் ரிலேயும் வைத்தால் வெளிச்சம் தானாகக் கூடும். எஞ்சின் அறையின் ஒயர்களில் செய்யும் வேலைகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பேன்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, அந்தக் காரின் கனத்த உடலைக் கழித்துவிட்டு, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். அந்த 37 பி.எச்.பி. எஞ்சினைக் கொண்ட ஃபார்முலா மாருதி கார்களில்தான் நாராயண் கார்த்திகேயன் போன்ற பந்தய வீரர்கள் ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் பந்தயம் பழகினார்கள். பலத்தைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பது லாபம் என்பதை இதைவிட மலிவாக யாரும் நிரூபித்ததில்லை. எடை குறைந்தால் முடுக்கம், பிரேக், வளைவு மூன்றுமே தேறும். பலம் கூடினால் முடுக்கம் மட்டும்.

சட்டத்தையும் ஒரு கண் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டிக்கு விபத்துக்குப் பிறகு காப்பீடு கிடைப்பதும் கஷ்டம். ஜென் எல்லாமே 15 வருடம் தாண்டியவை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன் நிறுத்தியே ஆக வேண்டும். பெரிய மாற்றங்களைப் பந்தயத் தடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தெரு வண்டிக்கு என்ன செய்யலாம்? லோயர் ஆர்மின் உள்முனையில் இருக்கும் புஷ்ஷில் ஒரு லிவர் கம்பியைக் கொடுத்து நெம்பச் சொல்லுங்கள். நல்ல ரப்பர் முனகிக்கொண்டு சிறிதே வளையும். வெடித்த ரப்பரில் ஆர்ம் முழுதும் முன்பின் நகரும், கறுப்புத் தூள் உதிரும். அப்படி நகரும் ஆர்மோடு பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் திசையே மாறுகிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. இதை விட்டுவிட்டு ஸ்பிரிங் வாங்குவதில் அர்த்தமில்லை. புஷ், பால் ஜாயின்ட், நான்கு ஷாக், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றைக் கம்பெனி அளவிலேயே புதிதாகப் போட்டு அலைன்மென்ட் பார்த்தால், 1993-இல் ஷோரூமைவிட்டு வந்த ஜென் எப்படி ஓடியது என்று தெரியும். அது ஏற்கெனவே கெட்டிக்காரக் கார். அதன்பின் 20, 25 மி.மீ. தாழ்த்தும் தரமான ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

டயர் மட்டும் காத்திருக்கக் கூடாது. அகலத்தைக் கூட்ட ஆசையிருந்தால் மொத்த விட்டம் கம்பெனியின் 145/70 ஆர்13-ஐ ஒட்டியே இருக்கட்டும். 175/60 ஆர்13 போட்டால் வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குள், ஸ்பீடோமீட்டரும் கியரும் குழம்பாது. வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வருடத்தோடு கெட்டியாகும், ஈர ரோட்டில் பிடிக்காது. வீட்டில் அதிகம் ஓடாமல் நிற்கும் பழைய கார் இருந்தால் அந்த எண்ணை இன்றே பார்த்துவிடுங்கள்.